14 கிலோ முதுகுப்பை: எதை எங்கே அடுக்குவது, எதை வீட்டில் விடுவது

ஜூலையில் மச்சாளோடு மூன்று கிழமைப் பயணம் போகிறீர்கள். திருமலையில் பஸ் ஏறி கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம், பொத்துவில், மட்டக்களப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்புவது திட்டம். புதிதாக வாங்கிய 55 லீட்டர் பையை நிரப்பித் தராசில் வைத்தால் 14 கிலோ காட்டுகிறது, உங்கள் எடை 52 கிலோ, பையை எப்படி அடுக்கினால் முதுகு நோகாது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: "சுமக்க ஏலாமல் பாதியில் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒருவருடைய உதவியும் இல்லாமல், என்னுடைய சாமானை நானே தூக்கிக்கொண்டு மூன்று கிழமை சமாளிப்பேனா என்பதுதான் கேள்வி. சமாளிப்பீர்கள். ஆனால் அதற்கு அடுக்கும் முறை மட்டும் போதாது. முதலில் பையிலிருந்து சில சாமான்கள் வெளியே வரவேண்டும். மிச்சத்தை எங்கே எதை வைப்பது என்பது அதற்குப் பிறகு.

நான் திருகோணமலை நகரத்தில் பை தைப்பதும் திருத்துவதுமாகத் தொழில் செய்கிறவன். சீசன் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தங்கும் பயணிகள் அறுந்த பட்டியோடும் பிளந்த ஜிப்போடும் வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை, வெளிநாடு போகிறவர்களின் பை, ஆமிக்காரர் பாவித்து விற்ற பழைய பை எல்லாம் மேசைக்கு வரும். ஒரு பை எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே அதற்குள் என்ன இருந்தது, அதை எப்படித் தூக்கினார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நானும் இந்த நாட்டுக்குள் பஸ்ஸிலும் ரயிலிலும் நிறையத் திரிந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. முதுகெலும்பில் ஏற்கெனவே கோளாறு இருந்தாலோ, கால் விறைக்கும் நோ இருந்தாலோ, கீழே சொல்வது எதையும் செய்துபார்க்க முன் ஒரு வைத்தியரிடம் கேளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பை அடுக்கும் குறிப்புகளில் பாதி மலையேறுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் காலையில் பையைத் தோளில் போட்டால் பின்னேரம்தான் இறக்குவார்கள். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில் இருக்கும். நீங்கள் போவது அப்படியில்லை. பஸ் நிலையத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு என்று ஒரு தரத்துக்குக் கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ நடப்பீர்கள். ஆனால் அந்தப் பையை நாளுக்குப் பத்துப் பதினைந்து தரம் தூக்கி இறக்குவீர்கள். பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்தில் வைப்பீர்கள், இடமில்லாவிட்டால் மடியில் வைப்பீர்கள், ரயிலில் தலைக்கு மேலுள்ள தட்டில் ஏற்றுவீர்கள், குறுகலான படியால் மாடி அறைக்குக் கொண்டுபோவீர்கள். ஆகவே என் அளவுகோல் இரண்டே. பையை வேறு ஒருவரிடம் கேட்காமல் உங்கள் தலைக்கு மேல் தூக்கி வைக்க முடிகிறதா? சனம் நிறைந்த பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முடிகிறதா? இரண்டுக்கும் 14 கிலோ சரிவராது. உங்கள் உடல் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் அது. எட்டுக் கிலோவுக்குக் கொண்டுவரப் பாருங்கள், தண்ணீர் புறம்பு. 55 லீட்டர்ப் பை வாங்கிவிட்டீர்கள், அதை மாற்றத் தேவையில்லை. முக்கால்வாசி நிரப்பிப் பக்கப் பட்டிகளை இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் யாராவது இனிமேல்தான் வாங்கப்போகிறார்கள் என்றால் 35 முதல் 40 லீட்டர் வாங்கச் சொல்லுவேன். பையில் இடம் இருந்தால் அதை நிரப்பாமல் விடுகிற ஆக்கள் குறைவு.

நீங்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். இரண்டு ஜீன்ஸ், ஒன்பது மேற்சட்டை, இரண்டு பெரிய துவாய், ஒரு ஸ்லீப்பிங் பேக், சப்பாத்து ஒரு சோடி, செருப்பு ஒரு சோடி, ஷாம்பு முழுப் போத்தல், லப்டொப், அம்மா கட்டித் தரப்போகும் பலகாரம். முதலில் வெளியே எடுக்கவேண்டியது ஜீன்ஸ். ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். நனைந்தால் இன்னும் கனக்கும், நுவரெலியாவில் இரண்டு நாள் கொழுவி வைத்தாலும் இடுப்புப் பக்கம் ஈரம் போகாது. பதிலுக்கு இரண்டு மெல்லிய, தளர்வான களிசான் போதும், முழங்கால் மறைக்கிற மாதிரி. கோயிலுக்கும் விகாரைக்கும் அதுவே உதவும். ஒன்பது மேற்சட்டையில் நாலு எடுங்கள். மூன்று கிழமைக்கு நாலா என்று கேட்பீர்கள். மூன்று கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் உடுப்புக் கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் எப்படியும் தோய்க்கத்தான் போகிறீர்கள். பின்னேரம் குளிக்கும்போதே அன்றைய சட்டையைத் தோய்த்து, உலர்ந்த துவாயின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி இறுக்கிப் பிழிந்துவிட்டுக் காயப்போடுங்கள். பாதித் தண்ணீரைத் துவாய் இழுத்துவிடும். கச்சான் அடிக்கும் ஜூலையில் பொத்துவிலிலும் மட்டக்களப்பிலும் விடிய முன் காய்ந்துவிடும். மலைநாட்டில் அது நடக்காது. அதனால் தோய்க்கும் வேலையைக் கண்டியில் ஒரு தரம் முடித்துக்கொண்டு, மேலே போகும் நாட்களுக்குச் சுத்தமான உடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கை வீட்டில் விடுங்கள். அறை எடுத்துத்தானே தங்குகிறீர்கள், கம்பளி அவர்களிடமே இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நல்ல சீத்தைத் துணி எடுங்கள், இரண்டரை யார் வந்தால் போதும். மாணிக்க கங்கையில் குளிக்கக் குறுக்குக்கட்டு அதுதான். பஸ்ஸில் போர்வை, சுத்தமில்லாத கட்டிலில் விரிப்பு, திரை இல்லாத யன்னலுக்குத் திரை, வெயிலில் தலைக்கு முக்காடு, கடற்கரையில் பாய், அவசரத்துக்குச் சாமான் கட்டும் துணி. மச்சாளிடமும் ஒன்று இருக்கட்டும். பெரிய துவாய் இரண்டுக்கும் பதிலாக ஒரு மெல்லிய துவாய். யாழ்ப்பாணத்தில் இருந்து வெருகல் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அம்மாமாரின் மூட்டையை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? மாற்றுச் சேலை ஒன்று, துவாய், ஒரு தட்டு, ஒரு கோப்பை, திருநீற்றுப் பை, மருந்துக் குளிசை, அவ்வளவுதான். அதோடு உகந்தை தாண்டிக் குமணக் காடு வழியாக நடந்து போய்ச் சேருகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்கள்கூட இருக்கிறார்கள். அவ்வளவு குறைக்கச் சொல்லவில்லை, ஆனால் எட்டுக் கிலோ என்பது கஞ்சத்தனமான கணக்கு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

குளிருக்கு என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இது கொஞ்சம் விளங்கிச் செய்யவேண்டிய விஷயம். உயரம் கூடக் கூட ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே திருமலையில் இரவு 26 பாகை என்றால் அங்கே 14 வரை இறங்கும். அதுமட்டுமில்லை, ஜூலையில் நமக்கு இங்கே மழை இல்லாத காலம், அங்கே தென்மேற்குப் பருவக்காற்று மழை கொட்டும் காலம். எல்லப் பக்கம் இறங்கினால் மழை குறைந்துவிடும். ஒரே பயணத்துக்குள் இரண்டு காலநிலை, குளிரும் மழையும் இடையில் மூன்று நாலு நாளுக்குத்தான். அந்த நாலு நாளுக்காகத் தடித்த ஜக்கெட் ஒன்றை மூன்று கிழமை சுமக்காதீர்கள். மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, அதற்கு மேல் காற்றுப் புகாத மழைக்கோட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். மேஸ் இரண்டு சோடி எடுங்கள், ஒன்று இரவுக்கு மட்டும், அதை எந்தக் காரணத்துக்கும் நனைய விடாதீர்கள். மற்றச் சோடி நண்பகலில் கோயில் வீதியில் கல் சுடும்போதும் உதவும்.

சரி, இனி அடுக்குவது. இதில் சந்தேகமே இல்லாத ஒரு விதி: கனமான சாமான் முதுகுக்கு ஒட்டி இருக்கவேண்டும், பையின் நடு உயரத்தில், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் அதற்குக் கொஞ்சம் கீழேயும். கிணற்றடியில் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்தால் நடக்கலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி போக முடியாது. பைக்கும் அதே கணக்கு. லப்டொப் பையின் முன்பக்கத்தில், முதுகிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால் அது உங்களைப் பின்னுக்கு இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் முன்னுக்கு வளைவீர்கள், அந்த வளைவுதான் பின்னேரம் இடுப்பு நோவாக வரும். ஆகவே அடியில், குலுங்கினாலும் நசுங்கினாலும் பரவாயில்லை என்கிற மென்மையான சாமான்: கம்பளிச் சட்டை, இரவு உடுப்பு, மாற்று உடுப்பு. அதற்கு மேல் முதுகோடு ஒட்டி லப்டொப், சார்ஜர், பலகாரப் பெட்டி, குளியல் சாமான் பை. அவற்றுக்கு முன்னால், வெளிப்பக்கமாக, சீத்தை, துவாய், மெல்லிய சட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. பையை வடிவாகத் திறக்காமல், கையை விட்டு இழுத்தால் வரவேண்டிய சாமான் அது ஒன்றுதான். மழை சொல்லிக்கொண்டு வராது. செருப்பை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பக்கவாட்டில் செருகுங்கள், சப்பாத்து எப்போதும் காலில் இருக்கட்டும். இடைவெளிகளில் மேஸையும் உள்ளுடுப்பையும் திணித்து நிரப்புங்கள். உள்ளே சாமான் ஆடினால் நடையும் ஆடும். தண்ணீர் ஒரு லீட்டர் என்றால் ஒரு கிலோ. போத்தலை ஒரு பக்கத்தில் வைத்தால் மற்றப் பக்கத்தில் அதற்கு ஈடாகக் குடையையோ சிறு சாமானையோ வையுங்கள்.

அடுக்கிய பையை உடம்பில் மாட்டுவதில்தான் கனபேர் கோட்டைவிடுகிறார்கள். வீட்டில் தையல் நாடா இருக்கும், எடுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும், நாடாவின் நுனியை அங்கே வைக்க மச்சாளைச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துக்கொண்டு, பெருவிரல்கள் முதுகில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிப் பிடியுங்கள். அந்த இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் நாடா எத்தனை அங்குலம் காட்டுகிறதோ அதுதான் உங்கள் முதுகு நீளம். பை வாங்கும்போது பார்க்கவேண்டியது உங்கள் உயரத்தை அல்ல, இந்த அளவைத்தான். உங்கள் பையில் தோள்பட்டி ஏற்றி இறக்கும் ஏற்பாடு இருந்தால் இந்த அளவுக்கு அதை மாற்றுங்கள். மாட்டும்போது எல்லாப் பட்டியையும் முதலில் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டியை எடுத்து அதன் நடுப்பாகம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இருக்கும்படி இறுக்குங்கள். வயிற்றில் அல்ல, எலும்பில். அதற்குப் பிறகுதான் தோள்பட்டி. தோளைத் தொட்டுக்கொண்டு இருக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். தோளுக்கு மேல் சின்னதாக ஒரு பட்டி பையின் உச்சிக்குப் போகும், அதை ஏறக்குறைய 45 பாகை சரிவில் நிற்கும்படி இழுத்தால் பை முதுகோடு சேரும். கடைசியாக நெஞ்சுப் பட்டி, மூச்சு முட்டாமல். சரியாக மாட்டினால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்கிக் கால்களுக்குப் போய்விடும், தோளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மேசைக்கு வரும் பழைய பைகள் பலவற்றில் இடுப்புப் பட்டி மட்டும் புத்தம் புதிதாக இருக்கும், தோள்பட்டியோ நசுங்கி, உள்ளே இருக்கும் ஃபோம் கடதாசி மாதிரித் தட்டையாகியிருக்கும். அதைப் பார்க்க எனக்கு உண்மையில் கவலையாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பாரம் முழுக்க ஒருவருடைய கழுத்தில் இருந்திருக்கிறது.

மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. பையோடு வரும் மழை உறையை முழுக்க நம்பவேண்டாம். அது முன்பக்கத்தை மூடும், முதுகுப் பக்கத்தை மூடாது. உங்கள் கழுத்தில் வடியும் தண்ணீர் பட்டி வழியாக முதுகுத் திண்டில் இறங்கி, அடியில் உறைக்குள்ளேயே தேங்கி நிற்கும். தைத்த இடங்களில் ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வழி. நிச்சயமான பாதுகாப்பு உள்ளே இருக்கிறது: தடித்த பெரிய பொலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, சாமான் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துச் செருகுங்கள். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற உரப்பையின் உள்ளுறை மாதிரியான தடிப்பு இருந்தால் மூன்று கிழமை தாங்கும். லப்டொப்புக்கு இன்னொரு சிறிய பொலித்தீன். மழை உறையைப் பஸ்ஸின் அழுக்குக்கும் தூசுக்கும் பாவியுங்கள், அதற்கு அது நன்றாகவே உதவும்.

இனி என் தொழில் பக்கமிருந்து. பைகள் கிழிகிற இடத்தில் முதலிடம் தோள்பட்டியின் மேல் தையலுக்கு. ஒற்றைத் தோள்பட்டியில் பிடித்து, நிலத்திலிருந்து வெட்டியிழுத்துத் தூக்குவதால் வருவது அது. பையின் உச்சியில் முதுகுப் பக்கமாகக் கைபிடி ஒன்று தைத்திருப்பார்கள், எப்போதும் அதைப் பிடித்துத் தூக்குங்கள். முதலில் பையை முழங்காலில் ஏற்றி, பிறகு ஒரு கையை நுழைத்துச் சுழற்றித் தோளில் போடுங்கள். முதுகுக்கும் அதுதான் நல்லது. புதுப்பை என்றாலும் போகமுன் பட்டி சேரும் இடங்களைத் திருப்பிப் பாருங்கள். அந்த இடத்தில் தையல் முன்னும் பின்னுமாக நெருக்கிப் பலதரம் ஓடியிருக்கவேண்டும். ஒற்றை ஓட்டம் மட்டும் தெரிந்தால் ஒரு தையற்காரரிடம் கொடுத்து நைலோன் நூலால் அடித்து வாங்குங்கள், சின்ன வேலை. அடுத்தது ஜிப். ஜிப் பிளந்தால் பல் போய்விட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் தேய்வது பல் அல்ல, ஓடுகிற தலை. குறட்டால் அந்தத் தலையின் இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு நெரி நெரித்தால் மறுபடி பிடிக்கும். இறுக்கி நெரித்தால் உடைந்துவிடும், கவனம். பொத்துவிலில் மணல் உள்ளே போகும், மணலும் உப்பும் சேர்ந்தால் ஜிப்பை அரைத்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, மெழுகுதிரியை ஜிப்பின் நீளத்துக்கு ஒரு தரம் உரசுங்கள். ஒரு தடித்த ஊசி, கொஞ்சம் நைலோன் நூல், இரண்டு சட்டைப்பின், ஒரு முழம் கயிறு, இவ்வளவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜிப்பில் போடும் சின்னப் பூட்டு, பக்கத்தில் இருப்பவர் சும்மா கைவைப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். சுருள் பல் ஜிப்பைப் பேனா முனையால்கூடப் பிளக்க முடியும், பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே காசு, அடையாள அட்டை, போன் மூன்றும் பெரிய பைக்குள் போகவே கூடாது. சின்னப் பை ஒன்றைக் குறுக்காக முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், நித்திரை கொள்ளும்போதும் அது உடம்பில் இருக்கட்டும். காசை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மச்சாளிடம் கொடுங்கள், அவருடையதில் ஒரு பங்கை நீங்கள் வைத்திருங்கள். பஸ் காசுக்குச் சில்லறை தனியாக, கையெட்டும் இடத்தில். ஆடிவேல் திருவிழா நாட்களில் கதிர்காமம் போனால் நெரிசல் சொல்லி முடியாது, அறையும் கிடைப்பது கஷ்டம், மடத்தில் நிலத்தில் படுக்கவேண்டி வரலாம். திகதியை முன்கூட்டியே பாருங்கள். மருந்தில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் நாலு, பனடோல் ஒரு அட்டை, பிளாஸ்டர், சித்தாலேப ஒன்று, வழக்கமாகப் பாவிக்கும் குளிசைகள். மற்றது எல்லாம் எந்த ஊர்ப் பார்மசியிலும் கிடைக்கும். ஷாம்பு, சவர்க்காரம், சுகாதாரத் துவாய் போன்றவையும் அப்படியே, ஒரு கிழமைக்கு மட்டும் கொண்டுபோனால் போதும். நுளம்புக்குப் பூசும் மருந்தை மட்டும் மறக்கவேண்டாம்.

பஸ்ஸில் பையை வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கண்டி பஸ் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று ஐந்தாறு மணித்தியாலம் ஓடும். வழியில் ஏறினால் பை வைக்க இடம் கிடையாது, பஸ் நிலையத்திலேயே முன்கூட்டிப் போய் ஏறுங்கள். சாரதிக்குப் பக்கத்து இடமோ முன் ஆசனத்தின் அடியோதான் நல்லது. பின் டிக்கியில் போட்டால் ஒவ்வொரு தரிப்பிலும் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். எஞ்சின் மூடிக்குப் பக்கம் சுடும், சொக்லேட்டும் பவர்பேங்கும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. பட்டிகளைத் தொங்கவிடாமல் உள்ளே மடித்துச் செருகுங்கள். தொங்கும் பட்டி யாருடைய காலிலாவது சிக்கும், இழுபட்டால் பக்கிள் உடையும். சின்ன ஏசி வான்களில் பெரிய பைக்கு ஒரு ஆசனக் காசு கேட்பதும் உண்டு. மடியில் வைக்கிற அளவில் பை இருந்தால் அந்தப் பேச்சே வராது.

இனி ஆளுக்கு ஆள் வேறு வேறு சொல்கிற விஷயங்கள். உடுப்பைச் சுருட்டுவதா மடிப்பதா என்று பெரிய வாதம் நடக்கிறது. சுருட்டினால் மேலிருந்து பார்த்ததும் எது எங்கே என்று தெரியும், மெல்லிய துணியில் மடிப்புக் கோடும் குறைவு. இடம் மிச்சமாகிறதா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, துணி அதே துணிதான். தடித்த கம்பளிச் சட்டையை மடித்து வைப்பதுதான் நல்லது. சதுரமான ஜிப் உறைகளில் உடுப்பைப் பிரித்து வைப்பதும் அப்படித்தான், ஒழுங்கு வரும், எடை கொஞ்சம் கூடும். இரண்டு துணிப்பை தைத்துக்கொண்டால் காசும் மிச்சம். உடல் எடையில் பத்து முதல் இருபது வீதம்தான் சுமக்கலாம் என்ற கணக்கு ஒரு தோராயமான வழிகாட்டி. நடந்து பழகியவருக்கு அது கூடும், பழகாதவருக்கும் வெயிலுக்கும் குறையும். கனத்தை நடுவில் வைப்பதா, இன்னும் சற்று மேலே ஏற்றுவதா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. சமதரையில் நடக்கும்போது மேலே இருந்தால் நிமிர்ந்து நடக்க இலகு என்பார்கள், படி ஏறி இறங்கும்போது கீழே இருந்தால் தள்ளாட்டம் குறைவு. பெண்களுக்குச் சற்றுக் கீழே இருப்பது வசதி என்று பலர் சொல்கிறார்கள். இரண்டு விதமாகவும் வைத்து நடந்து பாருங்கள், உடம்பு சொல்லிவிடும்.

பிறகு ஒரு நாள் இதே பையோடு சென்னை போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் எல்லை, டிக்கற்றில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலீட்டருக்கு மேற்படாத போத்தலில் இருக்கவேண்டும். பவர்பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், அனுப்பும் பெட்டிக்குள் போடக் கூடாது. 20,000 மில்லிஅம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாற்மணி, பொதுவான எல்லையான 100க்குள் அடங்கும்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன், பையை முழுக்க அடுக்கி, தண்ணீர்ப் போத்தலும் நிரப்பி, பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கி வாருங்கள். பின்னேர வெயிலில் போனால் இன்னும் நல்லது. ஏற்றமும் இருக்கிறது, சமதரையும் இருக்கிறது, பயணத்தில் ஒரு தரத்துக்கு நடக்கப்போகும் தூரமும் ஏறக்குறைய அதுதான். எந்த இடம் நோகிறது என்று கவனியுங்கள். தோளின் உச்சி நொந்தால் இடுப்புப் பட்டி கீழே இறங்கிவிட்டது, அல்லது தளர்ந்துவிட்டது. தோள்பட்டையின் முன்பக்கம் இறுகினால் தோள்பட்டியை அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கிறீர்கள். கழுத்தின் பின்புறம் நொந்தால் பையின் உச்சி உங்களைப் பின்னுக்கு இழுக்கிறது, மேல் சின்னப் பட்டியை இழுத்துப் பாருங்கள். நாரி நொந்தால் கனமான சாமான் முதுகிலிருந்து தள்ளி இருக்கிறது, பையைப் பிரித்து மறுபடி அடுக்குங்கள். இடுப்பெலும்பில் தோல் சிவந்தால் உள்ளே போட்டிருக்கும் களிசானின் தையல் பட்டிக்கு அடியில் அகப்படுகிறது, வேறு களிசான் போடுங்கள். கை விறைத்தால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், தோள்பட்டி நரம்பை அமுக்குகிறது என்று அர்த்தம், பட்டியைத் தளர்த்தியும் அது மாறாவிட்டால் பாரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். எல்லாம் சரிசெய்த பிறகும் மூச்சு வாங்கினால் லப்டொப்பை வெளியே எடுங்கள். சார்ஜரோடு சேர்த்து இரண்டு கிலோ மட்டில் அதுவே வரும், மூன்று கிழமைக்கு அதில் செய்ய நினைத்த வேலையைப் போனிலேயே செய்துவிடலாம். பலகாரத்தை எடுக்கச் சொல்லமாட்டேன். கண்டி போய்ச் சேர முன் அது எப்படியும் முடிந்துவிடும்.